பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்காது

"பார்க்கிங் ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியுமாங்க?"

போனின் மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது. திருச்சி 'வெண்நாரை ரெசிடென்சி'யின் ரிசப்ஷன் பெண்ணிடம் ஏசி உண்டா, வைஃபை உண்டா என்று கேட்டிருப்பார்கள். இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"புரியலீங்க மேடம்."

"கார் நிறுத்துற எடம். ரோட்டுல போறவங்க கண்ணுல படுமா?"

சரண்யா மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இலுப்பூர் வெயில் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. பக்கத்தில் ஒரு வாளி ஈரத் துணி. யாராவது மேலே ஏறி வந்தால் காட்டுவதற்கு.

"பேஸ்மென்ட் பார்க்கிங் இருக்குங்க. கீழ எறக்கிட்டா யாருக்கும் தெரியாது. ஆனா போன் சிக்னல் மட்டும் கிடைக்காது."

"அது பரவாயில்லை. சாப்பாடு?"

"காலை டிபன் ரூமோட சேர்த்தி. மதியமும் நைட்டும் பஃபே இருக்கு. ரூமுக்கும் கொண்டாந்து தருவோம்."

"டைனிங் ஹால் ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். "மேடம்... தங்கப் போறது நீங்களும்...?"

"என் வீட்டுக்காரரும்."

"ஹஸ்பண்ட்?"

"சொந்த வீட்டுக்காரருதாங்க! ஆதார் கொண்டாறேன். வேணும்னா கல்யாண ஆல்பத்தையும் தூக்கிட்டு வாரேன்."

"சரண்யா!" கீழேயிருந்து மாமியார் செங்கமலத்தின் குரல் படியேறி வந்தது. "துணி காயப் போடப் போனியா, நெய்யப் போனியா?"

"வாரேன் அத்தே!" என்று கத்திவிட்டு, போனில் கிசுகிசுத்தாள். "சனிக்கிழமை ஒரு நாள். ரூம் போட்டுருங்க."

கட் செய்தாள். திருடியைப் போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கினாள்.

கட்டிய புருஷனோடு ஒரு நாள் தனியாக இருக்க, இவ்வளவு வேலை.

விக்ரம் மஸ்கட்டில் லிஃப்ட் கம்பெனியில் டெக்னீஷியன். கல்யாணமாகி மூன்று வருஷம். இது அவனுடைய இரண்டாவது லீவு, முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்யச் சம்மதமா என்று கேட்டு கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். சம்மதம் என்றால் அடுத்த வாரம் விமானம்.

சரண்யா அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். போகாதீங்க. அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டில் இடமில்லை. பகலெல்லாம் வாசலில் ஆள். சித்தப்பா, பெரியப்பா, பக்கத்துத் தெரு, பழைய வாத்தியார். வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் ஒரே கேள்வி. "எப்பத் தம்பி திரும்பப் போறே?"

ராத்திரி? அது இன்னும் மோசம். வீட்டில் ஒரே ஒரு ஏசி. விக்ரம் சம்பாதித்து வாங்கியது. அவனும் சரண்யாவும் படுக்கிற அறையில்தான் மாட்டியிருந்தது. மே மாதம் பிறந்ததும் மொத்தக் குடும்பமும் அந்த அறைக்குக் குடிவந்துவிட்டது. முட்டிவலி என்று கட்டில் மாமியாருக்கு. கட்டிலுக்குக் கீழே பாயில் மாமனார் சோலையப்பன். திருச்சியிலிருந்து லீவுக்கு வந்திருந்த நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் நடுவில். கதவோரம் விக்ரம். பீரோவோரம் சரண்யா. அவன் புரண்டு படுத்தால் இவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

வாட்ஸப்பில் டைப் பண்ணிப் பார்த்தாள். அழித்தாள். வருஷமெல்லாம் போனில் குடித்தனம் நடத்தியாயிற்று. இதையாவது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

*

"திருச்சியில ரூமா?" விக்ரம் மலைத்தான். "சும்மா ஜாலிக்கா?"

"ஜாலிக்குத்தான்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று பேசினார்கள். அங்கேதான் கொஞ்சம் ஆள் நடமாட்டம் குறைவு.

"ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம். எவனாவது திருச்சியில ரூம் போடுவானா? அதுவும் அக்கா அங்க இருக்கையில?"

அதுதான் ஆபத்து. விக்ரமின் அக்கா பிரகதா, டயர் டெலிவரி பார்க்கிற புருஷன் நிலவழகனோடு திருச்சி கே.கே. நகரில் இருந்தாள். கூடப் பிறந்தவள் வீடு இருக்கிற ஊரில் தம்பி லாட்ஜில் தங்கினான் என்று தெரிந்தால் முடிந்தது கதை. முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். ஆயுசுக்கும் வாசல்படி மிதிக்க மாட்டாள்.

"அதனால திருச்சின்னு சொல்லவே கூடாது" என்றாள் சரண்யா. "கோட்டைப்பட்டினம்னு சொல்லணும்."

திசையே வேறு. திருச்சி வடக்கே, கோட்டைப்பட்டினம் கிழக்கே கடலோரம். அங்கே யாக்கூப் இருந்தான். மஸ்கட்டில் விக்ரமோடு ஒரே அறையில் தங்கியவன். இப்போது லீவில் வந்திருந்தான்.

விக்ரம் போன் போட்டான்.

"மாப்ள, சனிக்கிழமை ஒன் வீட்டுல ஒரு விசேஷம் வையி."

"என்ன விசேஷம்?"

"நீயே சொல்லு. தங்கச்சி கல்யாணம்?"

"அது போன வருஷம் முடிஞ்சு அவளுக்குப் புள்ளையே பொறந்துருச்சுடா! எங்க உம்மா காதுல விழுந்துச்சு, ஒன்னையும் என்னையும் சேத்து வெளக்கமாத்தால சாத்தும்."

"அப்ப புதுவீடு குடிபோறது."

"வீடு கட்டி எட்டு வருஷம் ஆச்சு."

"மாடி கட்டுனேல்ல?"

யாக்கூப் யோசித்தான். "மாடிக்குக் குடிபோறது... சரி, வச்சுக்க. பொய் சொல்றதுக்கு ஊர்ல ஒனக்கு என் வீடுதான் கெடச்சுதா? கேட்டா ராத்திரி இங்கதான் தங்குனீங்கன்னு சொல்லித் தொலைக்கிறேன்."

திட்டத்தில் முதல் ஓட்டை அன்று சாயங்காலமே விழுந்தது. செங்கமலம் பரண் மேலிருந்து ஒரு எவர்சில்வர் அண்டாவை இறக்கிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்குட்டி உள்ளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிது.

"எதுக்கு அத்தே இது?"

"யாக்கூப்பு இவன்கூட ஒரே ரூமுல கெடந்த புள்ள. அவன் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போவீக? பேரு வெட்டியாச்சு."

வெட்டியிருந்தது. விளிம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக. 'சோலையப்பன் செங்கமலம், இலுப்பூர், அன்பளிப்பு.'

அந்த வீட்டில் அது ஒரு பழக்கம். பேர் எழுதாத பொருளே கிடையாது. டம்ளரில் பேர். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் பெயின்ட்டில் பேர். கதிரறுக்கும் அரிவாளின் பிடியில்கூட 'சோலை' என்று சுட்டு எழுதியிருக்கும்.

சனிக்கிழமை காலை. அண்டா டிக்கிக்குள் அடங்கவில்லை. பின் சீட்டில் ஏற்றினார்கள். சோலையப்பன் ஈரத்துணியால் காரின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் துடைப்பார். அதில் சிவப்பு ஸ்டிக்கரில் பெரிய பெரிய எழுத்துகள். மேலே, 'அய்யனார் துணை.' நடுவே, 'சோலையப்பன் - செங்கமலம், இலுப்பூர்.' கீழே எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'விக்ரம், மஸ்கட்.'

சரண்யா பையை எண்ணினாள். போன் சார்ஜரைத் தேடினாள். கதவு பூட்டியதா பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. காருக்குள் உட்காருகிறவர்களுக்கு அதன் முதுகு எங்கே தெரிகிறது?

*

சோலையப்பன் கேட்டில் நின்று கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். கிழக்கே திரும்பியது. திருப்தியாக உள்ளே போனார்.

அன்னவாசல் தாண்டியதும் விக்ரம் ஸ்டியரிங்கை ஒடித்தான். நார்த்தாமலைப் பக்கம் குறுக்கே வெட்டி, திருச்சி ரோட்டைப் பிடித்தான். சரண்யா மூச்சை விட்டாள். காருக்குள் அவனும் அவளும் மட்டும். இதுவே போதும். இங்கேயே சொல்லிவிடலாம்.

"என்னங்க..."

ஸ்பீக்கரில் போன் அலறியது. அப்பா.

"எங்கடா வந்திருக்கே?"

"அறந்தாங்கி கிட்ட வந்துட்டேம்பா." பக்கத்தில் 'கீரனூர் 3 கி.மீ.' கல் ஓடியது.

"மெதுவாப் போ."

வைத்தார். சரண்யா மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி போன். பெரியப்பா. "தம்பி, ஒன்னையப் பாக்கவே முடியல. எப்பத் திரும்பப் போறே?" அவர் வைத்ததும் ஒரு கூட்டாளி. அவன் வைத்ததும் யாரோ ஒரு மாமா. எல்லோருக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் விக்ரம், "அடுத்த வாரம் இருக்கும்" என்றான். ஒவ்வொரு தடவையும் சரண்யா அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இருக்கும் என்றால்? பதில் போட்டுவிட்டானா, இல்லையா?

டோல்கேட் வந்தது. பாலம் வந்தது. ஹோட்டலும் வந்துவிட்டது. வார்த்தை மட்டும் வரவில்லை.

வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். அவருக்குப் பின்னால் பந்தல் போல மாலைகள், ரோஜாப்பூ, ஒரு ரிசப்ஷன் பார்ட்டி.

"சார், பேஸ்மென்ட் இப்ப ஃபுல்லு. கல்யாண வண்டியெல்லாம் கெளம்பினதும் நாங்களே கீழ எறக்கிடுறோம். சாவி குடுத்துட்டுப் போங்க."

"வெளிய நிறுத்த வேணாமே..." சரண்யா பதறினாள்.

"அரை மணி நேரம் மேடம். பயப்படாதீங்க, கேமரா இருக்கு."

யூனிஃபார்ம் போட்ட டிரைவர் காரை வாங்கிக்கொண்டு, மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து, முதுகை ரோட்டுக்குக் காட்டி அழகாக நிறுத்தினார். உச்சி வெயில் பின்கண்ணாடியில் பட்டு, சிவப்பு எழுத்துகள் தகதகத்தன.

லிஃப்டில் ஏறினார்கள். விக்ரம் சுவரில் காதை வைத்தான். "சத்தம் கேக்குதா? லிஃப்ட் ஓடுற கைடு ரெயில்ல தேய்மானம். கவனிக்காம விட்டிருக்காங்க. புதுக்கோட்டையில இதைவிட மோசம். ரிப்பேருன்னா இங்கேர்ந்து ஆள் போகணும்..." அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. சரண்யா அதைப் பார்த்தாள். ஆனால் அப்போது அவள் மனசு அதில் நிற்கவில்லை.

அறை. வெள்ளை மெத்தை. கதவைப் பூட்டினாள். தாழ்ப்பாளும் போட்டாள். திரும்பினாள்.

"என்னங்க, நான் ஒண்ணு..."

ட்ரிங். அறையின் போன். "குட் ஆஃப்டர்நூன் சார், லன்ச் பஃபே ஓபன் ஆயிருச்சு. இன்னைக்குக் கல்யாணக் கூட்டம், சீக்கிரம் வந்தா சீட் கிடைக்கும்."

"பசிக்குது சரண்" என்றான் விக்ரம். "சாப்பிட்டு வந்து பேசுவோம்."

டைனிங் ஹாலில் அவள் தூணுக்குப் பின்னால் மேசை கேட்டு வாங்கினாள். மட்டன் குழம்பும் வெள்ளைச் சோறும் அவன் தட்டில். அவள் தட்டில் ஒரு கரண்டி தயிர்சாதம், அதுவும் இறங்கவில்லை. சுற்றிலும் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

இப்போதே. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

"என்னங்க..."

விக்ரமின் போன் மேசையில் துடித்தது. அப்பா.

"டேய் விக்ரமு. கார் எங்கடா?"

"யாக்கூப் வீட்டு வாசல்ல நிக்குதுப்பா."

"கண்ணால பாத்துச் சொல்லு."

"பாத்துட்டுத்தாம்பா இருக்கேன். எதுக்கு?"

மறுமுனையில் கனமான மூச்சு. "அப்ப திருச்சியில ஹோட்டல் வாசல்ல நிக்கிறது எவன் வண்டி?"

விக்ரமின் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

"மாப்பிள்ளை போட்டோ அனுப்பிருக்காரு" சோலையப்பன் உறுமினார். "டயர் டெலிவரிக்குப் போனவரு ரோட்டுல பாத்துருக்காரு. நம்ம நம்பரு. அய்யனாரு. நானு, ஒங்க ஆத்தா, நீ, மஸ்கட்டு. எல்லாம் அச்சா அப்புடியே இருக்கு. ஒன் வண்டி ஒன் முன்னால நிக்குதுங்கிற. அப்ப எவனோ நம்ம பேரையே போட்டு டூப்ளிகேட் வண்டி ஓட்டுறான்டா! கடத்தலோ என்ன எழவோ!"

"அப்பா, அது வந்து..."

"நீ ஒண்ணும் கவலைப்படாத. விசேஷத்தைப் பாரு. மாப்பிள்ளையை அங்கிட்டே நிக்கச் சொல்லிட்டேன். பிரகதாவும் ஆட்டோவுல போறா. எவன் வந்து அந்த வண்டியில ஏறுறானோ, அவனைக் கையும் களவுமாப் புடிச்சு ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

கட்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்கண்ணாடி" என்றாள் சரண்யா.

*

டைனிங் ஹால் இருந்த முதல் மாடியின் ஜன்னல் திரைச்சீலையை அவள் ஒரு விரல் அகலம் விலக்கினாள். கீழே, நாத்தனார் புருஷன் நிலவழகன். கையில் ஹெல்மெட். காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து உள்ளே பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அவர் வாய் பிளப்பது மேலேயிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் அந்த யூனிஃபார்ம் டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பேஸ்மென்ட்டில் இடம் காலியாகிவிட்டது போலும். கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்தார்.

"டேய்! நில்றா! திருட்டுப் பயலே!" நிலவழகன் பாய்ந்தார். கார் சறுக்குப் பாதையில் கீழே இறங்கி மறைந்தது. பின்னாலேயே ஓடியவரைச் செக்யூரிட்டி மறித்தார். "சார், சார், ரூம் நம்பர் சொல்லுங்க!"

"வா!" விக்ரம் சரண்யாவின் கையைப் பிடித்து இழுத்தான். லிஃப்ட் இல்லை, படிக்கட்டு. அழுக்குத் துணி மூட்டைகளைத் தாண்டி, சமையல்கட்டுப் பின்வாசலைத் தாண்டி, கீழே, கீழே. டிரைவர் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நானே சாவியை மேல கொண்டாந்து..."

"குடுங்க!" பிடுங்கினான். "வெளிய கத்துறாரே, அவருகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. எங்க மச்சான்தான்."

டிரைவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடந்தார்.

காரை ஓட்டிக்கொண்டு தப்ப வழியில்லை, சறுக்குப் பாதையின் வாயில் நிலவழகன் நின்றார். பின் கதவைத் திறந்து உள்ளே விழுந்தார்கள். சீட்டுக்குக் கீழே இடுக்கில் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடுவில் சீட்டில் அண்டா. மங்கலான டியூப்லைட். பெட்ரோல் வாசனை. வியர்வை கழுத்தில் ஓடியது. விக்ரம் போனை எடுத்தான். ஒரு கோடுகூட இல்லை.

சிக்னல் இல்லை.

அப்பா இல்லை, பெரியப்பா இல்லை, 'எப்பத் திரும்பப் போறே' இல்லை. கதவு நான்கும் பூட்டியிருந்தன. எங்கோ சறுக்குப் பாதையின் உச்சியில் நிலவழகனின் கத்தல் மட்டும். இன்னும் எத்தனை நிமிஷம்? அவர் கீழே வர அவ்வளவு நேரம் ஆகாது.

"என்னங்க" என்றாள். "போகாதீங்க."

"அவரு வர்றதுக்குள்ள படிக்கட்டு வழியா..."

"அதைச் சொல்லல. மஸ்கட்டுக்கு. போகாதீங்க."

அவன் அண்டாவுக்கு மேலாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தான்.

"இதைச் சொல்லத்தான் ரூம் போட்டேன். வீட்டுல சொல்ல எடமில்லை. சொன்னா சகுனத்தடைம்பாங்க. போன தடவை நீங்க வாசப்படி எறங்கையில அழ வந்துச்சு. ஒங்க அம்மா என் வாயையே பொத்திட்டாங்க. கெளம்புற ஆளைத் தடுக்காதேன்னாங்க. தடுக்கத்தாங்க எனக்கு ஆசை. இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது. போனுல 'சாப்பிட்டியா'ன்னு கேட்டு, 'சாப்பிட்டேன்'னு சொல்லி... அது ஒரு பொழப்பா?"

மேலே நிலவழகன், "மேனேஜரைக் கூப்பிடுய்யா!" என்றார்.

"ஏதாச்சும் சொல்லுங்க. பதில் போட்டுட்டீங்களா? போட்டாச்சுன்னா அதையாவது சொல்லுங்க."

"போடல." அவன் அண்டாவின் விளிம்பில் விரலை ஓட்டினான். "ஏர்போர்ட்டுல எறங்கினதும் அப்பா கேட்ட மொத வார்த்தை என்ன தெரியுமா? 'லீவு எம்புட்டு நாளு?' அன்னையிலேர்ந்து எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. ஒருத்தராச்சும் போகாதேன்னு சொல்றாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீயும் சொல்லல. நான் அங்க இருக்குறதுதான் எல்லாருக்கும் வசதி போலன்னு நெனச்சேன்."

"வசதியா? எனக்கா? எனக்கு வசதியா?"

ஆத்திரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடி விழுந்தது அண்டாவில்.

டொய்ய்ங்ங்!

பேஸ்மென்ட் முழுக்கக் கோயில் மணி போல அது சுற்றிச் சுற்றி வந்தது. மேலே கத்தல் நின்றது. ஒரு விநாடி. பிறகு செருப்புச் சத்தம், தடதடவென்று கீழ்நோக்கி.

"போச்சு" என்றான் விக்ரம். ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். போன மாதம் வந்ததிலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு. "யாக்கூப்பும் நானும் பேசி வச்சிருக்கோம். புதுக்கோட்டையில இப்ப ஆஸ்பத்திரி, மண்டபம், துணிக்கடை எல்லாத்துலயும் லிஃப்ட்டு. சர்வீஸ் பாக்க ஆளில்லை. ஒன்கிட்ட சொல்லப் பயந்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளைன்னுதானே கட்டுன..."

"நான் ஒங்களைக் கட்டுனேன். கவிதை பேச நேரமில்லை. போறீங்களா, இல்லையா?"

"போகல."

"வாயால சொல்லாதீங்க. மெயில் போடுங்க. மேல போனதும் அப்பா பேசுவாரு, நீங்க 'அடுத்த வாரம் இருக்கும்'பீங்க. எனக்குத் தெரியும். இப்பவே."

அவன் டைப் செய்தான். இரண்டு முறை அழித்து எழுதினான். தொடர விருப்பமில்லை, நன்றி. பட்டனைத் தட்டினான்.

போகவில்லை. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் இல்ல" என்றான். "மேல ஏறினா தானாப் போயிரும்."

மேலே ஏறும்வரை அவன் மனசு மாற நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சரண்யா அந்த வட்டத்தையே பார்த்தாள்.

கண்ணாடியில் டொக் டொக்.

நிலவழகனின் மூக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முகம். ஆட்டோவிலிருந்து நேரே இறங்கி ஓடி வந்த பிரகதா. கையில் ஒரு குடை, அடிக்கிற வாகில்.

விக்ரம் கண்ணாடியை இறக்கினான்.

"மச்சான்" என்றான்.

நிலவழகன் மூச்சு வாங்கினார். "மாப்ள? நீயா? நீ கோட்டைப்பட்டினத்துல... அப்ப இந்த வண்டி..."

"இந்த வண்டி நம்ம வண்டிதாண்ணே" என்றாள் சரண்யா தலையை மேலே நீட்டி.

பிரகதா கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். சாவியில் தொங்கிய ஹோட்டல் வில்லையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. குடை மெல்லக் கீழே இறங்கியது.

"ரூம் போட்டுருக்கீங்க."

"அக்கா..."

"பேசாத. என் வீடு இருக்கு. கூப்புடு தூரம். எம் புள்ளைக ரெண்டும் இலுப்பூர்ல கெடக்கு. ஏசி ரூமு பூட்டிக் கெடக்கு. இவரு விடியக்காலம் போனா ராத்திரிதான் வருவாரு. ஒரு ஈ காக்கா இல்லாத வீடு. அதை விட்டுட்டு ரூமு! நான் என்ன செத்தாபோயிட்டேன்?"

ஈ காக்கா இல்லாத வீடு. அது சரண்யாவுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, நான் மஸ்கட் போகல."

"என்னது?"

"போகல. இங்கயே இருக்கப் போறேன். அதைப் பேசத்தான் வந்தோம். வீட்டுல பேச எடமில்லை, ஒனக்கே தெரியும்."

பிரகதா அவனையே பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"சாமியாடுவாரு."

"ஆடட்டும்."

பிரகதாவின் பார்வை சரண்யா பக்கம் திரும்பியது. திட்டப்போகிறாள் என்று சரண்யா காத்திருந்தாள். "ஏண்டி, மூணு வருஷமா இதை வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா? ஒரு போன் எனக்குப் போட்டிருக்கலாம்ல? சாவி குடுத்துட்டு நான் சினிமாவுக்குப் போயிருப்பேன்ல?" குரல் இன்னும் கோபம்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்டாள். "எறங்குங்க. வேர்த்து ஊத்துது. இந்தப் பொந்துக்குள்ள எம்புட்டு நேரம்? சாப்பிட்டீங்களா?"

"பாதியில எந்திரிச்சு வந்துட்டோம் அண்ணி."

"இது என்ன அண்டா?"

"யாக்கூப் வீட்டு மாடிக்கு... குடிபோறதுக்கு..."

"மாடிக்கா?" பிரகதா எட்டிப் பார்த்து விளிம்பைத் தடவினாள். "அம்மா எனக்கு ஒரு கரண்டி குடுத்தாளா இதுநாள்வரை? இது என் வீட்டுக்கு வருது. என்னங்க, தூக்குங்க."

நிலவழகன் ஹெல்மெட்டை அண்டாவுக்குள் போட்டு, அண்டாவைத் தூக்கினார்.

சறுக்குப் பாதையில் ஏறினார்கள். பிரகதா திட்டிக்கொண்டே முன்னால் போனாள். விக்ரமின் கையில் போன். சரண்யா அவன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தாள். வட்டம் சுற்றியது. ஒரு தட்டு தட்டினால் போதும், மெயில் ரத்தாகிவிடும். அவன் கட்டைவிரல் திரைக்கு மேல் இருந்தது. பாதி தூரம். வெளிச்சம் தெரிந்தது. விரல் அசைந்தது.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேலே வெயிலில் கால் வைத்ததும் போன் உயிர் பெற்றது. முதலில் 'ஸ்விஷ்' என்று ஒரு மெல்லிய சத்தம். மெயில் போயிற்று. அதற்குப் பின்னால் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த விநாடியே மணி.

"டேய்! திருடனைப் புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சுப்பா. நான்தான்." விக்ரம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான். "திருச்சியிலதான் இருக்கேன். பொய் சொல்லிட்டு வந்தோம். நான் மஸ்கட் திரும்பப் போகல. கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு. நாளைக்கு வந்து எல்லாம் சொல்றேன்."

மறுமுனையில் போன் கட்டாகும் சத்தம்.

உடனே பிரகதாவின் போன் அடித்தது. எடுத்தாள். மறுமுனைக் கத்தல் சுற்றி நின்ற மூன்று பேருக்கும் கேட்டது. அவள் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்து, கத்தல் ஓயும்வரை பொறுத்தாள்.

"அப்பா, நாங்க சாப்பிடப் போறோம். எல போட்டுக் கெடக்கு. சாப்பிட்டுப் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். "எலயா, தட்டா இங்க?"

"தட்டுதான் அண்ணி."

டைனிங் ஹாலில் இப்போது நான்கு பேருக்கு மேசை. சரண்யா ஜன்னலோரத்தைக் காட்டினாள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். பசி இப்போதுதான் வந்திருந்தது. விக்ரம் சாப்பிடவில்லை, கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

"எங்க?"

"கீழ. காரு."

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். நகக்கண்ணில் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"வரமாட்டேங்குது" என்றான். "மஸ்கட்டு. நல்லா ஒட்டிருக்காரு அப்பா."

பிரகதா மட்டன் எலும்பைத் தட்டில் வைத்தாள். இன்னும் முகத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தாள்.

"நகத்தால சொரண்டினா கண்ணாடியில கோடு விழுகும். வெந்நி ஊத்திக் கொஞ்சம் ஊறவிடணும்." திரும்பி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். "தம்பி, ஒரு ஜக்கு வெந்நி கொண்டாங்க. நல்லாக் கொதிக்கக் கொதிக்க."

"குடிக்கவா மேடம்?"

"இல்ல" என்றாள் சரண்யா. "காருக்கு."